போல்ட் நுனியை நான் ஏன் அடித்து நசுக்கினேன்

நான் கை வைத்த பழைய வண்டி ஏதாவது உங்கள் ஷெட்டுக்கு வந்தால் உடனே தெரிந்துவிடும். எஞ்சின் மவுண்டிங்கைக் கழற்றப் போவீர்கள். நட்டு அசையாது. குனிந்து பார்த்தால், போல்ட்டின் நுனியைச் சுத்தியலால் அடித்து நசுக்கிக் காளான் தலை மாதிரி பரப்பி வைத்திருக்கும். ஸ்பேனர் போட்டுப் பிரயோசனம் இல்லை. ஆக்ஸா பிளேடு எடுத்து அறுத்தால்தான் உண்டு. மல்லாந்து படுத்து, கண்ணில் இரும்புத்தூள் விழ விழ அறுக்கும்போது நீங்கள் என்னை என்னென்ன சொல்லித் திட்டுகிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஒருவன் என் காதுபடவே சொன்னான்: "இந்தக் கெழட்டுச் சவத்துக்கு நட்டு மேல நம்பிக்க இல்ல போல."

நட்டு மேல் எனக்கு என்ன கோபம்? ஒழுங்காக முறுக்கிய நட்டு தானாகக் கழன்று நான் பார்த்ததே குறைவு. ஏன் அப்படிச் செய்கிறேன் என்று கேட்டவர்களுக்கு இதுவரை நான் பதில் சொன்னதில்லை. எல்லோரும் போகிற போக்கில் கேட்டார்கள். நானும் போகிற போக்கில் சிரித்துவைத்தேன். இன்றைக்கு உட்கார்ந்து கேட்கிறீர்கள், சொல்கிறேன். கேட்டு முடித்தபின் மனசு குளிரும் என்று எதிர்பார்க்காதீர்கள். எனக்கே இன்னும் ஆறவில்லை.

அறுபதுகளின் தொடக்கம். தென்காசியில் ஒரு முதலாளியின் ஷெட்டில் நான் பெரிய மெக்கானிக். முதலாளிக்குச் சுரண்டையில் மொத்த மளிகை வியாபாரம். குற்றாலம் சீசனை நம்பி சில டாக்சிகளும் வைத்திருந்தார். எல்லாம் நாலு பேர் நெருக்கி உட்காருகிற குட்டிக் கார்கள். ஆனி பிறந்து சாரல் விழுந்துவிட்டால் ரயிலடியிலிருந்து அருவிக்கு, அருவியிலிருந்து பங்களாவுக்கு, அங்கிருந்து ஐந்தருவிக்கு என்று ஓடிக்கொண்டே இருக்கும். ஆவணி வரை எஞ்சின் ஆறாது.

அந்தக் கார்களில் முதலில் போவது எஞ்சின் மவுண்டிங். எஞ்சினுக்கும் அடிச்சட்டத்துக்கும் நடுவில் உட்கார்ந்து நடுக்கத்தை வாங்கிக்கொள்கிற ரப்பர் மெத்தை. நீங்கள் இன்று கடையில் போய் அட்டைப்பெட்டியோடு வாங்கி வருகிறீர்கள். அன்று வெளிநாட்டுச் சாமான் வரத்தே நின்றுபோயிருந்தது. மதராஸில் தேடினாலும் கிடைக்காது. ஊரில் எல்லோரும் செய்த வைத்தியம் ஒன்றுதான். பழைய லாரி டயரை வெட்டித் துண்டு துண்டாக அடுக்கி, நடுவில் ஓட்டை போட்டு, போல்ட்டை வைத்து இறுக்கிவிடுவது. "ஆயுசுக்கும் கிழியாது" என்பார்கள். உண்மைதான், கிழியாது. டயர் துண்டுக்குள் நூல்துணி ஓடுகிறது. கல் மாதிரி இறுகிக் கிடக்கும்.

வாசுதேவநல்லூர் டாக்டர் ஒருவரின் காருக்கு யாரோ அப்படிப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். மவுண்டிங் அசையவில்லை. ஆனால் எஞ்சினின் நடுக்கம் முழுவதும் வேறு வழி இல்லாமல் பெட்ரோல் குழாயில் போய் விழுந்து, குழாய் விண்டுவிட்டது. சூடான சைலன்சர் குழாய்மேல் பெட்ரோல் சொட்டச் சொட்ட அந்த மனிதர் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தென்காசி வரை ஓட்டி வந்து, "என்னமோ வாடை வருது, என்னன்னு பாருங்க" என்றார். முதலில் பிள்ளைகளை இறக்கினேன், பிறகுதான் அவருக்குப் பதில் சொன்னேன். ஒரு சாமானைக் கெட்டியாக்கும்போது, அது வாங்கிக்கொண்டிருந்த அடி இனி எங்கே போய் விழும் என்று பார்த்துவிட்டுக் கெட்டியாக்குங்கள். நான் உங்களுக்குச் சொல்லக்கூடிய தொழில் புத்தி இது ஒன்றுதான். மற்றதெல்லாம் மனிதர்களைப் பற்றியது.

டயர் துண்டு வேண்டாம் என்று முடிவுசெய்த பிறகு நான் மலைக்கு அந்தப்பக்கம் போனேன். செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு வழியாக இறங்கினால் ரப்பர்த் தோட்டங்கள். புனலூரில் தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டி ரீசோல் போடுகிற மலையாளி ஒருவர் இருந்தார். தோட்டத்து ரப்பரை இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவில் வைத்து, அச்சில் போட்டு வேகவைத்துத் தரமுடியுமா என்று கேட்டேன். தகட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஒட்டிக்கோளும் ஆசானே. பக்ஷே, எண்ண தொடான் பாடில்லா" என்றார். ஒட்டிக்கொள்ளும், ஆனால் எண்ணெய் மட்டும் படக்கூடாது என்கிறார். பட்டால் ரப்பர் முதலில் ஊதும், பிறகு அழுகின பழம் மாதிரி கொளகொளத்துவிடும்.

மவுண்டிங் அருமையாக வந்தது, முதலில் ஒரு டாக்சிக்கு மட்டும் மாட்டினேன். அதோடு நான் என் மூளையிலிருந்து ஒன்று சேர்த்தேன். அந்தக் காரில் ஆக்சிலேட்டருக்கு வயர் கிடையாது, விறைத்த இரும்புக் கம்பி. மிதியிலிருந்து பாடி வழியாக வந்து கார்புரேட்டரைப் பிடித்திருக்கும். மவுண்டிங் கிழிந்து எஞ்சின் ஒரு பக்கமாக எழும்பினால் அந்தக் கம்பி தானாக இழுபடும். காலை எடுத்தாலும் எஞ்சின் உறுமும். உறும உறும இன்னும் எழும்பும். இதைத் தடுக்க, மவுண்டிங்கின் நடுவில் ஓட்டை போட்டு ஒரு நீளமான போல்ட்டை இறக்கி, அடியில் தகடு கொடுத்து நட்டுப் போட்டேன். சும்மா இருக்கும்போது அந்த போல்ட் எதையும் தொடாது. ரப்பர் என்றைக்காவது கிழிந்தால் எஞ்சினை எழும்பவிடாமல் பிடித்துக்கொள்ளும். பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளின் முனையில் இருந்த ரப்பர் புஷ்களையும் எடுத்துவிட்டு, கன்மெட்டல் என்கிற வெண்கலத்தில் கடைந்து போட்டேன். வேலை முடிந்து நான் அந்த வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்ததைப் பார்த்து ஷெட்டில் எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும், எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்தக் காரை ஓட்டியவன் இசக்கிமுத்து. கடையத்துக்காரன், என்னைவிடச் சின்னவன். வாயில் வெற்றிலை வாடை தவிர வேறு வாடை நான் கண்டதில்லை. மத்தியானம் பாதி நாள் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. என் வீட்டுக்காரி அவனுக்குத் தனியாகக் குழம்பு எடுத்துவைப்பாள். முதல் நாள் ஓட்டிவிட்டு வந்து, "அண்ணாச்சி, எஞ்சின் ஓடுதா நிக்கான்னே தெரியல. எறங்கித் தொட்டுப் பாத்துட்டு வாரேன்" என்றான். அப்படிப் பேசுகிறவன்.

இனி எண்ணெய்க் குளியலுக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். சீசன் தொடங்குவதற்கு முன் நல்ல நாள் பார்த்து, வண்டியை மேட்டில் ஏற்றி, பழைய எஞ்சின் ஆயிலை அடிப்பாகம் முழுக்கப் பீய்ச்சி அடிப்பார்கள். சாரல் ஈரத்தில் துரு ஏறாதாம். முடிந்ததும் எலுமிச்சம்பழம், குங்குமம், சூடம். நான் போய் முதலாளியிடம் சொன்னேன்.

"மொதலாளி, இந்த வண்டிக்கு மட்டும் எண்ணெ அடிக்காண்டாம். புது ரப்பரு. எண்ணெ பட்டா போச்சு."

"ஏலே கோமதி, குத்தாலத்துக்கு வாற மனுசனே எண்ணெ தேச்சுட்டுத்தான் அருவியில நிக்கான். வண்டி என்ன பாவம் பண்ணிச்சு?" என்றார். கோமதி என்பது நான்தான்.

சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்? நல்ல பேச்சுத்தானே. "சாக்காவது சுத்திட்டு அடிங்க" என்றேன். "சரி, சரி" என்றார். மறுநாள் நான் செங்கோட்டைக்கு ஒரு லாரியைப் பார்க்கப் போன நேரத்தில் அடித்துவிட்டார்கள். சாக்கும் சுற்றவில்லை, ஒரு மண்ணும் சுற்றவில்லை.

சீசன் பாதியில் வண்டி நடுங்க ஆரம்பித்தது. நிற்கும்போது கதவு கடகடக்கும், கண்ணாடி அதிரும். மதுரையிலிருந்து வந்த ஒரு பெரிய வீட்டுக் குடும்பம், "இது என்ன காரா, மாவு மில்லா?" என்று கேட்டுவிட்டு வேறு டாக்சியில் ஏறிப் போய்விட்டது. முதலாளி முகம் கடுத்துப்போய் வண்டியை ஷெட்டுக்கு அனுப்பினார். படுத்துப் பார்த்தேன். நினைத்ததுதான். எண்ணெய் குடித்து ரப்பர் ஊதி, நடுவில் தொடாமல் நிற்க வேண்டிய போல்ட்டை நாலாபக்கமும் கவ்விப் பிடித்திருந்தது. எஞ்சின் நடுக்கம் போல்ட் வழியாக நேரே சட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

"அந்த போல்ட்டத்தான உருவிட்டாப் போதும்? நடுக்கம் போயிரும்லா?" என்றார் முதலாளி.

"நடுக்கம் போயிரும். ரப்பர் கிழிஞ்சா எஞ்சினப் பிடிக்க ஒண்ணும் இருக்காது. ரெண்டு நாள் வண்டிய விடுங்க. புனலூர் போயி வேற வார்த்துட்டு வாரேன்."

"சீசன் நடுவுல ரெண்டு நாளு வண்டிய நிப்பாட்டவா? ஒனக்குக் கோட்டி கீட்டி பிடிச்சிருக்கா?"

"நான் போல்ட்ட உருவ மாட்டேன் மொதலாளி."

"உருவாண்டாம். போ."

வண்டியை இசக்கி எடுத்துக்கொண்டு போனான். அதன்பிறகு அது ஷெட்டுப் பக்கமே வரவில்லை. ஒருநாள் கடைத்தெருவில் அவனைப் பார்த்து, நடுக்கம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "இப்பம் ஒண்ணும் இல்ல அண்ணாச்சி, தானா அடங்கிட்டு" என்று சொல்லிக்கொண்டே கியரைப் போட்டான். சீசன் அவசரம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை. அருவிக்குப் போகிற வழியில் கடைத்தெரு முழுக்கத் தலைகள். இசக்கி ஆட்களை ஏற்றிக்கொண்டு வண்டியை நகர்த்தியிருக்கிறான். எஞ்சின் ஒரே அலறலாக அலறி, கார் எகிறிப் பாய்ந்து, ஓரத்தில் மங்குஸ்தான் குவித்து விற்றுக்கொண்டிருந்த பேச்சியம்மாள் மேல் ஏறி, பின்னால் இருந்த சுவரில் மோதி நின்றது. அவள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். தென்காசி ஆஸ்பத்திரியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஜனங்கள் இசக்கியைப் பிடித்து இழுத்துப்போட்டு அடித்தார்கள். குடித்திருக்கிறான் என்று ஒருத்தன் சொன்னால் போதாதா? கூட்டத்துக்கு அது ஒன்றே போதும்.

நான் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினேன். முகம் வீங்கித் தரையில் உட்கார்ந்திருந்தான்.

"பிரேக்க மிதிச்சேன் அண்ணாச்சி. ரெண்டு காலையும் வச்சு மிதிச்சேன். எஞ்சின் தானா கத்துது. எங்காலு ஆக்சிலேட்டர்ல இல்ல. எம்புள்ள மேல சத்தியமா இல்ல."

நான் அந்த நிமிஷமே நம்பினேன். எங்கே பார்க்க வேண்டும் என்றும் தெரிந்துவிட்டது.

அங்கே வந்திருந்த முதலாளி என்னை ஸ்டேஷன் முற்றத்துக்குக் கூட்டிப்போனார். அங்கேதான் காரை நிறுத்தியிருந்தார்கள். "நாளைக்கு வண்டியச் சோதிக்கப் பிரேக் இன்ஸ்பெக்டர் வாராரு. அதுக்குள்ள அடியில பாத்து, மவுண்டிங்கு கிவுண்டிங்கு கிழிஞ்சிருந்தா நல்லதா மாட்டிரு. ஏட்டய்யாட்ட பேசிட்டேன். வண்டியில பழுதுன்னு எழுதினா என் பெர்மிட்டு அத்தனையும் போயிரும்லே."

"வண்டியில பழுது இல்லன்னா இசக்கி காலுலதான பழுதுன்னு எழுதுவாரு?"

"அவனுக்கு வக்கீல் வச்சு நான் பாத்துக்கிடுதேன்."

காருக்கு அடியில் படுத்தேன். மவுண்டிங் கிழிந்து வாயைப் பிளந்து கிடந்தது. நடுவில் விரலை விட்டேன். விரல் அந்தப்பக்கம் போய்விட்டது. போல்ட் இல்லை. ஒடிந்து விழுந்திருந்தால் துண்டு ஏதாவது தகட்டில் நிற்கும். தகடே இல்லை. யாரோ நிதானமாக ஸ்பேனர் போட்டுக் கழற்றியிருக்கிறார்கள்.

தம்பிகளா, இந்த இடத்தை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். என் கைப்பெட்டியில் அதே அளவு போல்ட், நட்டு, தகடு எல்லாம் இருந்தது. கிழிந்த ரப்பரை அப்படியே விட்டுவிட்டு, போல்ட்டை மட்டும் சத்தமில்லாமல் மாட்டிவிட்டு நான் எழுந்திருக்கலாம். இன்ஸ்பெக்டர் வருவார், ரப்பர் கிழிந்திருக்கிறது, ஆனால் போல்ட் எஞ்சினைப் பிடித்திருக்கிறது, எஞ்சின் எழும்ப வழியில்லை, டிரைவர் கால்தான் தவறியிருக்கிறது என்று எழுதுவார். என் வேலையில் ஒருத்தனும் குறை சொல்ல முடியாது. இசக்கி ஜெயிலுக்குப் போவான், அவன் லைசென்ஸ் அதோடு சரி. நான் செய்த வண்டி, என் பெயர், என் சோறு எல்லாம் அந்த ஒரு போல்ட்டில் இருந்தது. பெட்டியைத் திறக்காமலே வெளியே வந்தேன்.

இசக்கியிடம் போய்க் குந்தினேன். "போல்ட்டு எங்கலே?"

தரையைப் பார்த்தான். "மொதலாளிதான் கழட்டச் சொன்னாரு. ஒங்ககிட்ட சொல்லப்பிடாதுன்னாரு."

"நாளைக்கு இன்ஸ்பெக்டர் கேப்பாரு. இத இப்படியே சொல்லணும். சொல்லுவியா?"

"சொல்லுதேன் அண்ணாச்சி."

முதலாளியிடம், "நான் கை வைக்கமாட்டேன். இருக்கபடியே இருக்கட்டும்" என்றேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. நேரே உள்ளே போய், வேட்டியைச் சுருட்டிக்கொண்டு, இசக்கிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவன் தோளில் கை போட்டார். டிரைவர் உட்கார்ந்த பெஞ்சில்கூட உட்காராத மனுஷன். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மறுநாள் வந்த இன்ஸ்பெக்டர் தொழில் தெரிந்தவர். மவுண்டிங்கைப் பார்த்தார். கடப்பாரையைக் கொடுத்து எஞ்சினை நெம்பச் சொன்னார். எஞ்சின் எழும்பியது, ஆக்சிலேட்டர் கம்பி எல்லோர் கண்முன்னாலும் தானாக இழுபட்டது. "டிரைவர் கால்ல தப்பில்லை" என்றார். இசக்கியைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை.

"இந்த நடு ஓட்டை எதுக்கு?"

நான் முன்னால் வந்து விளக்கினேன். ரப்பர் கிழிந்தால் பிடிப்பதற்கு ஒரு போல்ட், இன்ன மாதிரி, இன்ன அளவு என்று. அவர் கவனமாகக் கேட்டார். "நல்ல யோசனைதான். போல்ட் எங்கே?"

"ஐயா, அப்பிடி ஒரு போல்ட்ட நான் பாத்ததே இல்ல" என்றார் முதலாளி. "வண்டி ஓட்டுறவன் அவன். அவங்கிட்டயே கேளுங்க."

இசக்கி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "இல்லய்யா. அண்ணாச்சி ஓட்டதான் போட்டாவ. போல்ட்டு போடல. பொறவு போட்டுத் தாரேன்னு சொன்னாவ."

போல்ட் போடவில்லை என்றதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் கேட்டது அவ்வளவுதான். 'பொறவு போட்டுத் தாரேன்னு சொன்னாவ' என்று கேட்காததையும் சேர்த்துச் சொன்னான் பாருங்கள், அதை என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. நான் கத்தினேன். "ஏலே, நேத்து எங்கிட்ட என்னலே சொன்னே? எம் மொகத்தப் பாத்துச் சொல்லுலே!" ஏட்டு என் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளினார். கத்துகிறவன் பொய்க்காரன், கை கட்டி நிற்பவன் யோக்கியன். எந்த முற்றத்திலும் அப்படித்தான் தெரியும். உள்ளூரில் செய்த மவுண்டிங், மெக்கானிக் குறையாகப் பொருத்தியது என்று எழுதிக்கொண்டு அவர் போய்விட்டார்.

இசக்கிக்கு லைசென்ஸ் பிழைத்தது. முதலாளிக்குப் பெர்மிட் பிழைத்தது. எனக்கு 'ஓட்டை மெக்கானிக்கு' என்று ஒரு பெயர் மிஞ்சியது. சந்தைக்குப் போனால் பையன்கள் விரலில் வளையம் பிடித்துக் காட்டுவார்கள். முதலாளி ஷெட்டில் என் வேலை போனது, தென்காசியில் வேறு ஒரு வண்டியும் என்னிடம் வரவில்லை.

ஒரு தடவை இசக்கியை மறித்துக் கேட்டேன். அழுதான். "மொதலாளி சொல்லித்தான் கழட்டினேங்கதுக்கு யாரு சாட்சி அண்ணாச்சி? எங்கையால கழட்டினேன்னு சொன்னா என்னத்தான உள்ள வைப்பான்? ஒங்களுக்குக் கையில தொழில் இருக்கு. எங்க போனாலும் பொழச்சிக்கிடுவிய. எனக்கு லைசென்ஸ விட்டா என்ன இருக்கு?" யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு வார்த்தை தப்பில்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். தப்பாக ஏதாவது சொல்லியிருந்தால் ஓங்கி ஒரு அறை விட்டிருப்பேன்.

பேச்சியம்மாளைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்காதீர்கள், போகாமல் இருக்க முடியவில்லை. என்னை யாரென்று பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் சொல்லிக்கொடுத்தாள். பேச்சியம்மாள் எழுந்து உட்கார முயன்றாள்.

"நீதானாலே அந்த ஓட்ட மெக்கானிக்கு? ஒரு போல்ட்டு போட ஒனக்கு நேரமில்லாமப் போச்சோ? ஏங்கால எடுத்துட்டியே பாவி. நான் எத ஊணி அருவிக்கரையில நிப்பேன்?"

நான் போட்டேன் ஆச்சி என்று சொல்ல வாய் எடுத்தேன். பார்த்த ஷெட்டு ஆட்களே முதலாளிக்குப் பயந்து வாயைத் திறக்காதபோது, போட்டதற்கு என் வாயைத் தவிர வேறு சாட்சி என்ன இருக்கிறது? வெட்டிய காலோடு கிடக்கிறவளிடம் போய் நான் நல்லவன் என்று வாதாடுவதா? திரும்பி வந்தேன். வழி நெடுக அழுதேன். என் வீட்டுக்காரி அன்றைக்கு, இசக்கிக்கு என்று வைத்திருந்த தட்டை எடுத்துப் பரணில் போட்டாள்.

பிறகு கடையம் பக்கம் வயல்களில் தண்ணீர் இறைக்கிற ஆயில் எஞ்சின்களைப் பார்த்துக்கொண்டு காலம் தள்ளினேன். கார் சத்தம் கேட்டால் முதுகைக் காட்டிக்கொள்வேன். அறுபதுகளின் கடைசியில்தான் பாதை பிரிகிற இலஞ்சி விலக்கில் ஒரு ஓலைக் கொட்டகை போட்டேன். முதலில் வந்தது ஒரு குட்டிக் கார். அதே இனம், அதே மவுண்டிங். ரப்பரை மாற்றி, போல்ட்டை இறக்கி, நட்டை முறுக்கிவிட்டு எழுந்தேன். கை துடைத்தேன். பிறகு மறுபடியும் படுத்து, சுத்தியலை எடுத்து, போல்ட் நுனியை அடி அடி என்று அடித்தேன். வண்டிக்காரர் பதறிப்போய், "என்னவே, வண்டி மேல என்ன கோவம்?" என்று கேட்டார். இனி அந்த போல்ட்டை யாராவது எடுக்க வேண்டுமானால் அறுக்க வேண்டும். அறுத்தால் அறுத்த தடம் நிற்கும். போடவே இல்லை என்று எவனும் கை கட்டிச் சொல்ல முடியாது.

இசக்கி ஒருநாள் வந்தான். முதலாளி அவனைச் சீக்கிரமே கழற்றிவிட்டிருந்தார். பெர்மிட் பத்திரமானதும் அவன் எதற்கு? இப்போது செங்கோட்டையில் வேறு ஒருவரின் கார். காது ஓரம் நரைத்திருந்தது. வாசலிலேயே நின்றான்.

"மவுண்டிங்கு போயிட்டு அண்ணாச்சி. ஊருல எல்லாரும் டயரு துண்டுதான் போடுதான். நீங்க போட்டாத்தான்…" என்று இழுத்தான். பிறகு, "போல்ட்டும் சேத்துப் போட்டுருங்க" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பு இல்லை. வேலையை முறையாகச் செய்தேன். வண்டி என்ன பாவம் பண்ணியது? நுனியை அடிக்கும்போது பக்கத்தில் குனிந்து பார்த்தான்.

"இப்பிடி அடிச்சா பொறவு கழட்ட முடியாதுல்லா?"

"முடியாது."

அவனுக்குப் புரிந்தது. தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்தான். எனக்கு இரக்கம் வரவில்லை. வரவேண்டும் என்று பார்த்தேன், வரவில்லை. கூலியை நீட்டினான்.

"கூலி வேண்டாம். ஒரு காரியம் செய்யி. இன்ஸ்பெக்டர் வேண்டாம், மொதலாளி வேண்டாம், கோர்ட்டு வேண்டாம். குத்தாலத்துல பேச்சியம்மா ஆச்சி கம்ப ஊணிக்கிட்டு இன்னும் அதே எடத்துலதான் யாவாரம் பண்ணுதா. அவ ஒருத்திகிட்ட மட்டும் போயி, போல்ட்டு போட்டிருந்துச்சு, நாந்தான் கழட்டினேன்னு சொல்லு. ஒன்ன அவ என்ன செய்யப்போறா? லைசென்ஸா புடுங்கப்போறா?"

"சொல்லுதேன் அண்ணாச்சி."

அதே வார்த்தை. ஸ்டேஷன் தரையில் உட்கார்ந்து சொன்ன அதே குரல். "இப்பமே போறேன்" என்று வேறு சேர்த்தான். இலஞ்சி விலக்கில் ஒரு பாதை குற்றாலத்துக்குப் போகிறது, ஒன்று செங்கோட்டைக்கு. கார் செங்கோட்டைப் பாதையில் திரும்பியது. புது முதலாளியின் வண்டி, கொண்டுபோய் விட்டுவிட்டு நாளைக்குப் போவான் என்று நினைத்துக்கொண்டேன். பாருங்கள், அவ்வளவுக்குப் பிறகும் அப்படித்தான் நினைத்தேன்.

அடுத்த சீசனில் குற்றாலத்துக்கு ஒரு வேலையாகப் போனேன். சாரல் நன்றாக இருந்தது. வேண்டுமென்றே அந்தக் கடைத்தெரு வழியாக நடந்தேன். பேச்சியம்மாள் மங்குஸ்தானைக் குவித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கம்பு சாத்தியிருந்தது. தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். நானும் நின்றேன். இசக்கி வந்து சொல்லியிருந்தால் இன்றைக்கு ஏதாவது பேசுவாள் என்று காத்திருந்தேன். அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, எப்போதும்போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆக்ஸா பிளேடு தேய்கிறது என்று இனிமேல் என்னிடம் வந்து மூக்கால் அழாதீர்கள். வேறு பிளேடு வாங்கிக்கொள்ளுங்கள்.